ஊற்றுக்கு முப்பது வருடம் என்றேன்

நான் பொய் எழுதினேன். தெரியாமல் நேர்ந்த பிழையன்று. தெரிந்தே எழுதிய பொய்!

நிலத்தடி நீரை ஆராய்வது என் தொழில். பிக்கட்டி என்ற மலைக்கிராமத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், மண்ணுக்குள் புதைத்திருந்த டீசல் தொட்டி கசிந்துவிட்டது. கீழே சரிவில் ஓர் ஊற்று. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேருக்கும் அதுதான் குடிநீர். டீசல் அங்கே போய்ச் சேர எவ்வளவு காலமாகும்? கணக்கிட என்னை அழைத்தார்கள்.

மண்ணைச் சோதித்தேன். களிமண், நீர் ஊர்ந்துதான் போகும். அதிகாரிகள் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து, "முப்பது வருடம்" என்றேன். என்ன மிடுக்கு அன்றெனக்கு!

பிறகு, சரிபார்க்கத்தான், தொட்டியருகே குழி தோண்டித் தீங்கற்ற பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினேன். ஒன்பதாம் நாள் செல்வராணி வந்தாள். கொழுந்து பறிப்பவள்; ஊற்றுக்குப் பக்கத்து வீடு.

"ஏனுங்க சார், ஊத்துத் தண்ணி பச்சையா வருதுங்க. குடிக்கலாமுங்களா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் சாயமேதான்... களிமண்ணுக்கு அடியில் பாறை பிளந்திருக்கிறது. நீர் அதன் வழியே பாய்ந்து வந்திருக்கிறது.

"வெறும் பாசிதாம்மா, ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. சபையில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற வெட்கம். இவ்வளவு அற்பமான காரணத்துக்கா... 'சாயம் தென்படவில்லை' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன். டீசல் ஊறிய மண்ணை வெட்டி அகற்றும் வேலை கைவிடப்பட்டது.

அடுத்த மழைக்காலத்திலேயே ஊற்றில் டீசல் வாடை. ஊற்றை அடைத்தார்கள். இப்போது லாரித் தண்ணீர்.

சென்ற மாதம் உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். செல்வராணி மேட்டில் குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

"சின்னவளுக்கு ரத்தத்துல ஏதோ கோளாறுங்க சார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரில கெடக்கறா."

தண்ணீரால்தானா? ஆமென்றும் இல்லையென்றும் யாராலும் சொல்ல முடியாது. அந்த ஐயத்துக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்... அவள் விடவில்லை.

"வாடை அடிச்சப்பவே எங்க வீட்டுக்காரரு வேண்டாம்னாருங்க. 'முப்பது வருசமாகும்னு சாரே சொல்லிருக்காரு'ன்னு நாந்தானுங்க புள்ளைக்கு ஊத்திக் குடுத்தேன். என் கையாலயே..."

சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கணத்தில் சொல்லியிருக்க வேண்டும்! "உடம்பப் பாத்துக்கம்மா" என்றுவிட்டு ஜீப்பில் ஏறினேன்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளோ இன்னமும் தன் கையைத்தான் பழித்துக்கொண்டிருக்கிறாள்.