சுவரைக் கழற்றிய மதியம்

கடலூர் முதுநகரில் ஒரு பழைய வீட்டுக்கு மாடி எழுப்பும் பொறுப்பு 2011 கடைசியில் எனக்கு வந்தது. நான் தனியாகப் பார்த்த முதல் வேலை. கீழ்ச்சுவர்கள் செங்கல் பாரம் தாங்காது. அதனால் மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த சட்டங்களை ஸ்க்ரூ போட்டு நிறுத்தி, அவற்றின் மேல் சிமெண்ட் பலகை அடிப்பதாக ஏற்பாடு.

வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். "ஏம்மா, பந்தக்கால் நட்டாப்புல இருக்குது. சுவரு எப்பதான் வரும்?" என்று தினமும் கேட்பார். சட்டங்களை மூலைக்கு மூலை இழுத்துப் பிடிக்கும் குறுக்குப் பட்டைகள் வந்து சேரவில்லை. அவற்றை மாட்டாமல் பலகை அடிக்கக் கூடாது. தெரிந்தும், அவர் வாயை அடைக்கக் கடல் பக்கம் மட்டும் அடிக்கச் சொன்னேன்.

இரண்டே நாளில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.

அன்று மதியம் மேலே போனேன். காற்று அடிக்கும்போதெல்லாம் பலகை அடித்த பக்கம் முழுவதும் உள்ளே சாய்ந்து நிமிர்ந்தது.

"எல்லாப் பலகையையும் கழட்டிடுங்கண்ணே" என்றேன் பலகை அடித்த ஃபிட்டரிடம்.

"நேத்துதான மேடம் மாட்டுனோம்?"

"காத்து ஊடால பூந்து போவட்டும். இல்லன்னா மொத்தமா பக்கத்து வூட்டு மேல சாஞ்சிடும்."

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஏறி வந்தார். "புயல் வரச்சொல்ல சுவர கழட்டுறியே, அறிவிருக்குதா?"

நானும் ஒரு ஸ்க்ரூ மெஷினை எடுத்துக்கொண்டேன். மழை வலுப்பதற்குள் பலகைகளைக் கீழே இறக்கி, சட்டங்களைக் கம்பிக் கயிற்றால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினோம். கடைசி பஸ்ஸில் சிதம்பரம் வீட்டுக்கு வந்தேன். விடியற்காலை புயல் கரையேறியது. வீட்டுக்காரருக்குப் போன் போகவில்லை. சாலையெங்கும் மரங்கள் கிடந்ததால் மறுநாள்தான் போக முடிந்தது.

தெரு முனையிலிருந்தே பார்த்தேன். சட்டங்கள் நின்றன. மூலையில் இரண்டு மட்டும் வளைந்திருந்தன.

"பொழச்சோம்மா. நீ சொன்னதுதான் சரி" என்று வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பாராட்டை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. "குறுக்குப் பட்டை மாட்டாம முதல்ல பலகை அடிக்கச் சொன்னதே என் தப்பு சார்" என்றேன்.

அவர் கையை விட்டார். மாடி முடியும் வரை, வேலையைத் தவிர வேறெதுவும் என்னிடம் பேசவில்லை.