மண்ணாங்கட்டியின் நிறம்

ராயபுரத்தில் ஆசீர்வாதம் அண்ணாச்சியின் ஃபிளெக்ஸ் கடையில் பல வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் மகிழினி. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எந்த பேனராக இருந்தாலும் அதிலுள்ள முகம் அவள் கை வழியாகத்தான் தெருவுக்கு வரும். இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். எஃப் டூ பட்டனைத் தட்டினால் படத்தில் இருக்கிற தோல் முழுக்க வெளுத்துவிடும். காசிமேட்டிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் ஆட்கள் தேடி வந்ததே அந்தப் பட்டனுக்காகத்தான்.

"யக்கா, கொஞ்சம் கலரா வை" என்பார்கள். கறுப்பு ஒரு கலரே இல்லை என்று இந்த ஊரில் எவன் முடிவு செய்தானோ தெரியாது. செய்தவன் நிச்சயம் வெயிலில் மூட்டை தூக்கியிருக்க மாட்டான். கொடுங்கையூர் அடுக்குமாடிக்கு விளம்பரம் போட்டாலும் அதில் சிரிக்கிற குடும்பம் எங்கோ வெளிநாட்டிலிருந்து இறக்கிய படமாகத்தான் இருக்கும். அந்த ரோஸ் கன்னக்காரர்கள் குப்பைமேட்டுப் புகைக்குப் பக்கத்தில் எதற்கு வீடு வாங்கப்போகிறார்கள் என்று மகிழினி ஒருநாளும் கேட்டதில்லை.

அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. பள்ளி ஆண்டுவிழாவில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அரக்கி வேஷம். வேலை கேட்டுப் போன இடங்களில் முகத்தைப் பார்த்தார்கள், வியாசர்பாடி என்றதும் சாதியைக் கணக்குப் போட்டார்கள், அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். படத்திலாவது வெளுத்துக் காட்டினால் நம் ஜனத்தை நாலு பேர் மதிப்பார்கள் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

அவள் அப்பா மண்ணாங்கட்டி எண்ணூரில் கப்பலிலிருந்து கரி இறக்கும் கான்ட்ராக்ட் கூலி. ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐஸ் பெட்டிக்கு ஒருவர், பந்தலுக்கு ஒருவர் என்று சொந்தக்காரர்கள் ஓட, பேனர் மகள் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே முடிவாயிற்று. கடைக்குப் போனாள். போனிலிருந்த படத்தை ஏற்றினாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கையால் எஃப் டூவைத் தட்டினாள். தட்டியது அவளுக்கே தெரியாது. விரல் பழக்கத்துக்குச் செய்துவிட்டது.

பேனரைக் குடியிருப்பு வாசலில் கட்டினார்கள். அம்மா கெங்கம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாடி இது? யாரு இந்த ஆளு?"

"அப்பாம்மா."

"உங்கப்பனா? இத்தினி வருஷம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதா? எவனோ கம்பெனி மேனேஜரு மாரி கீறான். செத்தவரையாவது அவரு மூஞ்சியோட அனுப்ப மாட்டியா?"

மகிழினிக்கு உடம்பே கூசிப்போனது. யார் யார் வீட்டுப் பிணத்தையோ வெளுத்த கை, பெற்ற அப்பனையும் விடவில்லை. தன் கையாலேயே பேனரை அவிழ்த்தாள். சாயங்காலம் உடலை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அப்பா முகத்தை மீட்டாக வேண்டும்.

எதிலிருந்து மீட்பது? போன் கேமரா தானாகவே முகத்தை வெளுக்கிற கேமரா. சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படங்கள் எல்லாமே அவள் கைபட்டவை. அப்பா வேலைக்குப் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொள்கிற பாஸில் படம் தேய்ந்து கண் மட்டும்தான் மிச்சம். ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உயிர் போன முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அதுவும் அப்பா நிறம் இல்லை.

"நெசக் கலருல ஒரு படங்கூட இல்லம்மா" என்று உடைந்துபோய்ச் சொன்னாள்.

கெங்கம்மாவின் கோபம் அதற்குள் இறங்கியிருந்தது. மகளின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "இத்த வுட்டுட்டு இன்னாத்தத் தேடற? பொறக்கச் சொல்லவே உங்கப்பன அப்டியே உரிச்சு வெச்சுகினு வந்தவ நீ. தோ கீது பாரு."

மகிழினி திரும்பவும் கடைக்கு ஓடினாள். வாசல் வெயிலில் கையை நீட்டி, அண்ணாச்சியைக் கடையிலிருந்த பெரிய கேமராவில் படம் எடுக்கச் சொன்னாள். அவர் ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தார். திரையில் தன் முழங்கைக்குக் கீழிருந்து நிறத்தை எடுத்து அப்பாவின் நெற்றியில் வைத்தாள். பிறகு கன்னத்தில், கழுத்தில். முழங்கை மடிப்பின் இருட்டை எடுத்துக் கண்ணுக்குக் கீழே வைத்ததும் மண்ணாங்கட்டி திரையிலிருந்து அவளைப் பார்த்தார். வீட்டில் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அங்கே வந்தது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, பிரிண்டுல இன்னும் இருட்டாத்தான் விழும். லேசா வெளிச்சம் ஏத்திருவமா?"

"வேணாம் அண்ணாச்சி. இம்மாத்தூண்டுகூட வேணாம்."

மெஷினில் ஓடிக்கொண்டிருந்த கட்சிக்காரர் பேனரை நிறுத்திவிட்டு அவர் இதை ஓடவிட்டார்.

புது பேனரைக் கட்டும்போது பாடை தயாராகிவிட்டது. கப்பல் கரி வேலைக்காரர்கள் ஷிஃப்ட் முடிந்து கழுவாத முகத்தோடு வந்து நின்றார்கள். கெங்கம்மா அவர்களை விலக்கிக்கொண்டு பேனருக்கு நேரே போனாள். அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, இப்பதான் வர்றியா?" என்று கேட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.