ஒன்ஸ்மோர் கேட்ட பாட்டு

“சினிமாப் பாட்டு பாடுப்பா!” இதைக் கேட்டுக் கேட்டே சலித்துப்போனவன் நான். அந்த வருஷ மாரியம்மன் திருவிழாவில்தான் எங்கள் தங்கச் சுரங்க லைன்வீட்டுக்காரர்கள் காசு போட்டு, ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மைக்செட் எடுத்து வந்து, “உன் சொந்தப் பாட்டையே பாடு” என்றார்கள்.

பாடினேன். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மறுபடி பாடும்போது தரை குலுங்கியது. சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்திருந்தது. மொத்தக் கூட்டமும் சுரங்க வாயிலான ஷாஃப்டுக்கு ஓடியது. முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த செல்வியும் ஓடினாள். அடியில் வேலையிலிருந்த அவள் புருஷனை, ஆள் ஏற்றி இறக்கும் கேஜில் பிணமாகத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

அடுத்த வருஷம் அதே மேடையில் அந்தப் பாட்டை எடுத்தேன். கூட்டம் தலை குனிந்தது. செல்வி எழுந்து வந்தாள்.

“வேணாண்ணா. அதக் கேட்டா, கேஜ் இன்னும் மேல வரலன்னு நான் அங்கயே நிக்கிற மாதிரியே கீது.”

முதல் வரியிலேயே ஊர் அடையாளம் கண்டுகொண்ட என் சொந்தப் பாட்டு அது ஒன்றுதான். சினிமாப் பாட்டுக்கு மாறினேன். இன்றைக்கும் சினிமாப் பாட்டைத்தான் பாடுகிறேன்.