ஒன்பது சாண் கதவு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். காரணம் கணக்கு. இப்போது பார்க்கிற வேலை முழுக்கக் கணக்குதான். செக்காலை ரோட்டில் கீழே கடை, மேலே வீடு. அண்ணன் வைத்திருந்த லேசர் கட்டிங் கடையில் உட்கார்ந்து, நிஜக் கட்டடங்களை எண்பத்தேழு மடங்கு சின்னதாக்கிப் பலகையில் வெட்டுகிறேன். வீட்டுக்குள் பொம்மை ரயில் விடுகிறவர்களுக்குத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைக்க ஸ்டேஷன், வீடு எல்லாம் வேண்டும். சுவர், கூரை, சன்னல் என்று தனித்தனியாக வெட்டிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் அவர்களே ஒட்டிக்கொள்வார்கள். அந்த அளவில் ஒரு ஆளின் உயரம் இரண்டு சென்டிமீட்டர்.

இந்தக் கிறுக்கு முதலில் அண்ணனுக்குத்தான் வந்தது. கல்யாணப் பெயர்ப் பலகையும் சாவிக்கொத்தும் வெட்டிக்கொண்டிருந்தவனை ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டர் போனில் பிடித்தார். மாடி அறை முழுக்க ரயில் ஓடுகிறதாம்.

"நம்மூரு கேட் ரூம் ஒண்ணு வேணுமுங்க தம்பி. வெளிநாட்டு வீட்டையெல்லாம் வச்சா நம்ம ரயிலுக்குப் பொருந்தவே மாட்டேங்குது."

ஊருக்கு வெளியே அப்போது ஒரு ரயில்வே கேட் இருந்தது. கேட் கீப்பருக்கு ஓட்டுக்கூரை போட்ட சின்ன அறை, ஒரு கதவு, ஒரு சன்னல். ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். நோட்டு இருக்கிறது, பேனா இருக்கிறது, தண்ணீர் பாட்டில்கூட இருக்கிறது. டேப்பைக் காணோம்.

"திரும்பப் போய் எடுத்துட்டு வந்துருவோமா அண்ணே?"

"டேப்பு எதுக்குடி? கை இருக்குல்ல. நான் சொல்லச் சொல்ல எழுது."

தரையிலிருந்து சாண் சாணாகச் சுவரில் ஏறினான். கேட் கீப்பர் தன் ஸ்டூலையும் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்ன தம்பி, பல்லி மாதிரி ஏறுறீக? சுவரு சரிஞ்சா எனக்கு ஒதுங்க எடம் கெடையாது, பாத்துக்கிருங்க."

"சரிஞ்சா வேற வெட்டித் தாரேண்ணே. என்ன, நீங்கதான் கொஞ்சம் சின்னதா ஆகணும்."

கதவு உயரம் ஒன்பது சாண். அகலம் நாலு சாண். எல்லாம் நான்தான் எழுதினேன்.

மழைக்காலத்தில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். மவுத்தாகிவிட்டான். இதற்கு மேல் இதை எழுத எனக்கு வரவில்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்த வாரம் டாக்டர் கூப்பிட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. சொன்னேன். பிறகு, "அந்த வேலைய விட்ருங்க அம்மிணி, பரவால்ல" என்றார். அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. "விட மாட்டேன் சார். அவன் அளந்தது எங்கிட்ட இருக்கு. அவன் அளந்தபடியே வெட்டித் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

நோட்டை எடுத்தேன். கையை விரித்து டேப்பில் வைத்தேன், பதினெட்டு சென்டிமீட்டர். போனில் பெருக்கி, வகுத்து, கம்ப்யூட்டரில் வரைந்து வெட்டி ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. டாக்டர் முன்பே அனுப்பியிருந்த, பச்சைக்கொடி பிடித்த கேட் கீப்பர் பொம்மையை வாசலில் நிறுத்தினேன். மண்டை நிலையில் இடித்தது.

டீ கொண்டுவந்த அம்மா குனிந்து பார்த்தது.

"இது என்னடி கோழிக்கூடா? மனுசன் எப்புடி உள்ள போவான்?"

"அண்ணன் அளந்தது அப்படித்தாம்மா இருக்கு."

"அவன் கையால அளந்தத நீ ஒன் கையாலயா கணக்குப் போட்ட? கூறுகெட்டவளே!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்த அம்மா சட்டென்று நிறுத்திவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தக் கைக்கு இனி எங்கே போவது?

திரும்பப் போய் அளக்கலாம் என்றால், சுரங்கப்பாதை போடுவதற்காக அந்த அறையை இடித்துவிட்டார்கள். போட்டோவெல்லாம் அண்ணன் போனில். அதன் லாக் எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மா காற்றில் இரண்டு கையையும் விலக்கி வைத்து, "இம்புட்டு இருக்கும்" என்று காட்டியது. அளந்தேன், இருபத்தொன்று. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி காட்டச் சொன்னேன். இருபத்தைந்து.

"எம்புள்ள கைய நானே மறந்துட்டேனாடி?" என்று கேட்டது. டீயைக் குடித்தேன்.

நோட்டைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் அண்ணனின் கோணல் எழுத்து தெரிந்தது. கடை வைத்த புதிதில் எழுதியது. 'மேசை நீளம் 8 சாண்.' அந்த மேசைமேல்தான் என் டீ கிளாஸ் இருந்தது. கிளாஸைத் தள்ளிவிட்டு டேப்பை இழுத்தேன். நூற்று எண்பத்து நாலு. எட்டால் வகுத்தால் இருபத்துமூன்று.

"அம்மா! கெடச்சிருச்சு!"

அம்மா டேப்பை வாங்கி, இருபத்துமூன்று வரை இழுத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. "இதான். இதேதான்." அப்படியே டேப்போடு மாடிக்குப் போய்விட்டது. எனக்கு வேலை ஓடவில்லை.

"அம்மா, டேப்பு!"

"இருடி, தாரேன்."

அரை மணி நேரம் கழித்துத்தான் தந்தது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தேன். கதவு சரியாக வந்தது, கூரை வந்தது. சன்னலில் போய் மாட்டிக்கொண்டேன். அகலம் நாலு சாண் இரண்டு விரல் என்று இருந்தது. சாண் கிடைத்துவிட்டது, விரல்? அவன் விரலால் அளந்தது வேறு எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டு நாள் அதிலேயே கிடந்தேன். டாக்டர்கூட மெதுவாக, "முடிஞ்சுதுங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டார்.

"ஒன் வெரலையே போடுடி. தங்கச்சி வெரலுதானே, கோவிச்சுக்க மாட்டான்" என்றது அம்மா.

அவன் விரலுக்கும் என் விரலுக்கும் எவ்வளவுதான் வித்தியாசம் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பாக எடுத்து, எண்பத்தேழால் வகுத்துப் பார்த்தேன். லேசர் எரிக்கிற கோட்டின் அகலம்கூட வரவில்லை. இதற்கா இரண்டு நாள்? என் விரலைப் போட்டு வெட்டி, துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக் கூரியரில் கொடுத்தேன்.

போன வாரம் டாக்டர் போட்டோ அனுப்பியிருந்தார். ரயில் போகிறது, பக்கத்தில் கேட் ரூம் நிற்கிறது. நான் சன்னலைத்தான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன்.