மெழுகு அடைத்த பஞ்சமம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த காது மருத்துவரிடம் நான் போனது, என் காதில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினேன். ஒவ்வொரு கீச்சொலியும் எந்த ஸ்வரம் என்று மனசு ஒரு பக்கம் தேடிக்கொண்டே இருந்தது. மருத்துவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, காது பிரமாதமாக இருக்கிறது என்றார்.

"இன்னொரு தடவ நல்லாப் பாருங்க சார். ஏதாச்சும் இருக்கும்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். காது நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக அவர் எதிரே அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது இசைக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தாளிலும் தேறிவிட்டேன், செவிப் பயிற்சி என்ற ஒன்றைத் தவிர. கேட்க எளிமையான தேர்வுதான். சுருதிப் பெட்டி ஒலிக்கும். வீணையில் எட்டு வரிகள் வாசிப்பார்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை. காதில் விழுந்ததை ஸ்வரமாக எழுத வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தேர்வு எழுதி இரண்டிலும் கோட்டைவிட்டேன். மூன்றாவதுதான் கடைசி, படிப்புக்கு விதித்திருந்த காலம் அதோடு முடிகிறது. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில், பொங்கல் கழித்துச் சான்றிதழோடு வந்தால் பாட்டு டீச்சர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது போனால் சேவுகம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாவோடு கத்தரிக்காய் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூட்டை கட்டுவதை நான் கேவலமாக நினைக்கவில்லை. பாட்டைத் தவிர எதிலும் என்னால் நாலு நாள் சேர்ந்தாற்போல் மனசை வைக்க முடியாது, அதுதான் பயம்.

"எழுதினா ஒரு வரி முழுக்கச் சரியா இருக்கு, இல்லன்னா முழுக்கத் தப்பா இருக்கு. நீ குருட்டாம்போக்குல எழுதுற," என்றார் பேராசிரியை, வகுப்பில் எல்லோர் முன்னாலும்.

சத்தியமாக நான் குருட்டாம்போக்கில் எழுதவில்லை. காதில் விழுந்ததைத்தான் எழுதினேன். அதனால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதன்பிறகு எந்தச் சத்தத்தையும் சும்மா விட முடியவில்லை. வத்தலக்குண்டிலிருந்து வரும் பேருந்தின் ஹாரன், குக்கர் விசில், பரோட்டாக் கடையில் கல்லைச் சுரண்டும் கரண்டி, எல்லாவற்றுக்கும் ஸ்வரம் தேடினேன். சாப்பிடும்போதுகூட வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அம்மா கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

சுருதியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ என்பது தெருவின் முதல் வீடு மாதிரி. அதிலிருந்து எண்ணித்தான் மற்ற வீடுகளுக்குக் கதவு எண். சுருதிப் பெட்டியில் அந்த ஸ-வோடு துணைக்கு பஞ்சமமும், அதாவது ப-வும், ஒலிக்கும். ப வராத ராகங்கள் சில உண்டு. அவற்றுக்கு மட்டும் ப-வை மூடிவிட்டு மத்திமத்தை, அதாவது ம-வை, திறந்துவிடுவார்கள். அப்போதும் ஸ இருந்த இடத்திலேயேதான் இருக்கும். இதெல்லாம் பாலபாடம். முதல் வீட்டை மாற்றி எண்ணினால் ஒரு ராகம் இன்னொரு ராகமாகிவிடுவதைப் பற்றி உயர்நிலை இசையியல் தாளில் ஆறு பக்கம் எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் நான்.

புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்ப் பெருமாள் கோவிலில் பஜனை. அப்பாதான் எப்போதும் சுருதிப் பெட்டி போடுவார். துருத்தி வைத்த பழைய பெட்டி. பாடப் பிடிக்காமல் அவர் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் ப-வின் துளை மெழுகால் அடைபட்டிருந்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற மெழுகுதான், ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ம திறந்திருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை எடுத்தார். கூட்டமே கூடச் சேர்ந்தது. எல்லோரும் ஸ என்று பிடித்து நின்றது பெட்டியின் ம-வில்.

பாட்டு முடிந்ததும் அப்பாவிடம் அந்த மெழுகைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? கீச்சுகீச்சுன்னு கத்துச்சு, அடைச்சுப்புட்டேன். நீ பொறக்குறதுக்கு முந்தியே. அதுக்கென்ன தாயி, இம்புட்டு நாளா நல்லாத்தானே பாடுறோம்?"

நன்றாகத்தான் பாடினார்கள். அதுதான் வினை. எங்கள் ஊரே நாலாவது வீட்டை முதல் வீடாக வைத்து எண்ணிக்கொண்டிருந்தது, பிறந்ததிலிருந்து நானும் அதைத்தான் கேட்டு வளர்ந்தேன். ப ஒலிக்கும் சுருதியில் எனக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. ஸ-வும் ம-வும் சேர்ந்து ஒலித்துவிட்டால் போதும், காது ஓடிப்போய் ம-வில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். தேர்வின் எட்டு வரிகளில் பாதி ப இல்லாத ராகங்கள். பேராசிரியை இந்தோளம் வாசித்தபோதெல்லாம் நான் சுத்த தன்யாசியை எழுதிவைத்திருக்கிறேன். இந்தோளத்தில் ப-வே கிடையாது. என் விடைத்தாளிலோ வரிக்கு வரி ப. அவருடைய ஸ எல்லாம் எனக்கு ப-வாகக் கேட்டிருக்கிறது. அப்பா மேல் வந்த கோபத்தைச் சொன்னால் பாவம். அவர் என்ன கண்டார்.

தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. தினமும் பேருந்தில் காதில் வயரைச் செருகிக்கொண்டு, போனில் ஸ-வும் ம-வும் ஒலிக்க, கீழே இருப்பதுதான் ஸ, கீழே இருப்பதுதான் ஸ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செம்பட்டி தாண்டுவதற்குள் காது பழைய இடத்துக்கே போய்விடும். ஒரு நாள் ஆத்திரத்தில் என் காதிலேயே அறைந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த பெண், கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

காது திருந்தாது என்று முடிவு செய்து, திருட்டு வழி ஒன்று கண்டுபிடித்தேன். ம சுருதி போட்டால், காதில் விழுவதை முதலில் பென்சிலில் எழுதுவது. பிறகு ஒவ்வொன்றையும் மூன்று வீடு தள்ளி மாற்றுவது. ஸ கேட்டால் ம. க கேட்டால் த. ப கேட்டால் ஸ. வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பேருந்துப் பயிற்சியையும் விடவில்லை, ஆனால் அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் வீணை வாசித்தார். முதல் நாலு வரியும் ப சுருதி. ஸ்வரத்தை அசைத்து, கமகம் போட்டுக் குழப்பிய இரண்டு இடங்களைத் தவிர மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். பிறகு அவர் சுருதிப் பெட்டியின் விசையைத் திருப்பினார். ம ஒலித்தது. வினாத்தாளின் பின்பக்கம் பென்சிலில் விறுவிறுவென்று எழுதினேன். அன்று ஒவ்வொரு வரியும் இழுபறி இல்லாமல் விழுந்தது. வாசிப்பு முடிந்து கிடைத்த ஐந்து நிமிடத்தில், நாலு வரிகளையும் வாய்ப்பாட்டின்படி மாற்றி, பேனாவால் விடைத்தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

பேருந்து நிலையத்தில் ஒரு டீயும் வடையும் வாங்கிக்கொண்டு, மடித்து வைத்திருந்த வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். பென்சில் எழுத்தை ஒரு முறை வாசித்தேன். இன்னொரு முறை வாசித்தேன். நாலு வரியிலும் ஒரு ப கூட இல்லை.

தப்பாகக் கேட்டிருந்தால் இந்தப் பக்கம் முழுக்க ப இருந்திருக்க வேண்டும். இல்லை. என் காது அன்று ம-வுக்கு ஓடவில்லை. கீழே இருந்த ஸ-விலேயே நின்று, வீணை என்ன வாசித்ததோ அதை அப்படியே சொல்லியிருக்கிறது. எந்த நாளில் திருந்தியது என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது சொல்லவும் இல்லை. சரியாகக் கேட்டதை எல்லாம் உட்கார்ந்து, பாடுபட்டு, ஒன்று விடாமல் தப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். டீ ஆறிப்போனது. வத்தலக்குண்டு வண்டிகள் இரண்டு கண் முன்னால் புறப்பட்டுப் போயின. நான் எழுந்திருக்கவில்லை.

மார்கழியில் முடிவு வந்தது. தெரிந்த முடிவுதான். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அம்மாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை வீதி பஜனைக்கு அப்பா கூப்பிட்டார். மறுக்கக் காரணம் கிடைக்காமல் போனேன். அவர் பெட்டியைப் போட்டார். ஸ கேட்டது, ம கேட்டது. எனக்கு இப்போது ஸ தெள்ளத் தெளிவாகக் கீழே இருந்தது. அதைப் பிடித்துப் பாடினேன். கல்லூரியில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். இரண்டு வரி தாண்டுவதற்குள் அப்பா துருத்தியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊர்க்காரர்களும் பார்த்தார்கள்.

"ஏந்தாயி, சுருதி சேரலையே," என்றார்.

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஜால்ராவை வாங்கிக்கொண்டேன்.