மொட்டைத் தெள்ளு

கன்னத்தில் ஒரு சீப்பு, கழுத்தில் ஒரு சீப்பு. ஒரு நாளும் தலை வாரியதில்லை. இறக்கை கிடையாது; விரல் வைத்தால் அங்கே இருக்காது. யார்?

பூனைத் தெள்ளு. இதைப் படிக்கும்போதே கணுக்காலைச் சொறிந்துகொள்ளும் நண்பர்களே, ஜப்பான்காரர் காலத்தில் சுகாதார அலுவலகத்தில் தெள்ளுகளை இனம் பிரிப்பதுதான் எனக்குச் சோறு போட்டது. மைக்ராஸ்கோப்பில் முள் வரிசை சீப்புப் போலத் தெரியும். கன்னத்திலும் கழுத்திலும் இருந்தால் பூனைத் தெள்ளு அல்லது நாய்த் தெள்ளு. கழுத்தில் மட்டும் என்றால் கப்பல் எலியில் வருகிற ஒரு வகை. சீப்பே இல்லாததும் எலித் தெள்ளுதான். பிளேக்கைப் பரப்புவதில் அதுதான் முதல். அதற்கு நாங்கள் வைத்த பெயர் 'மொட்டை'.

கிள்ளான் நாய்

கிள்ளானில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர், தன் நாயின் தெள்ளைச் சீசாவில் கொண்டுவந்தார். நெற்றி நீண்டு சரிந்திருந்தது. நாய்த் தெள்ளுக்கு நெற்றி உருண்டையாக இருக்கும். இது பூனைத் தெள்ளு என்றேன். பெயர்தான் பூனை, கிடைத்த உடம்பில் ஏறிக்கொள்ளும் என்று விளக்கியும் அவர் சமாதானமாகவில்லை.

"அப்ப ராத்திரியெல்லாம் கொரைக்கிறது யாருங்க?"

வாசலில்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் செத்த எலிகள் கிடந்தன. எலி பிடிக்கும் காதர் அண்ணனும் நானும் வீடு வீடாகப் போனோம். பாக்கியம் அக்கா வீட்டு வாசலில் காதர் அண்ணன் வழக்கம்போல, மொட்டை இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறோம் என்றார். அக்கா முகம் வெளிறி உள்ளே போனார். எட்டு வயது மகன் சண்முகத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் முடி இறக்கிய தலை சந்தனத்தோடு பளபளத்தது. அவன் இடுப்பில் ஒரு பூனை.

"வேண்டுதலுக்குத்தான் அடிச்சோம் அண்ணே. இதுக்குமா தடை?"

ஒரே ஒன்று

சண்முகத்தின் பூனையைச் சீவி எடுத்த தெள்ளுகளை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். ரத்தம் குடித்த தெள்ளு கறுத்திருக்கும்; காரக் கரைசலில் ஊறித் தெளிந்தால்தான் முள் தெரியும். மறுநாள் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் இரண்டு சீப்பு, ஒன்றைத் தவிர. மறுபடியும் பார்த்தேன். மொட்டைதான். காதர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"பூனை எலியக் கடிச்சிருக்கு. எலி எங்க இருந்துச்சுன்னு கேக்கணும், வா."

எந்த இடம்

எலி இருந்த இடத்தைப் பெயர்த்துப் புகை போட வேண்டும்; இடம் தெரியாவிட்டால் பூனையைக் கொண்டுபோய்க் கொன்றுவிட வேண்டும். எங்களுக்கு உத்தரவு அவ்வளவுதான். அரிசி பதுக்கினால் தண்டனை என்ன என்று பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் தெரியும். மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாக இருந்த அந்த நாளில், பாக்கியம் அக்காவின் அடுப்படிப் பலகைகளில் இரண்டில் மட்டும் புதிதாக ஆணி அடித்திருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அக்கா அந்தப் பலகை மேலேயே உட்கார்ந்திருந்தார்.

காதர் அண்ணன் குந்தி உட்கார்ந்து பையனிடம் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உன் பூனை எலி பிடிக்கிற இடம் எது?"

சண்முகம் அம்மாவைப் பார்த்தான். பிறகு பூனையைத் தூக்கி எங்களிடம் கொடுத்தான்.