மகசினுக்குள் இருந்த ஸ்பிரிங்

கல்முனையில் நான் வேலை செய்யும் வங்கிக்குக் காசு வேனோடு ஒரு காவலாளி வருவார். மருதாணி போட்டுச் சிவந்த தாடி, நெற்றியில் தொழுகைத் தழும்பு. தேநீர் ஆறும்வரை பிஸ்டலின் தோட்டாக் கூடான மகசினைக் கழற்றி, ரவைகளை வெளியே எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பது அவர் பழக்கம்.

அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒருநாள் கேட்டேன். "காக்கா, ரவையப் போட்டு நெடுக அமத்தி வச்சிருந்தா ஸ்பிரிங் தளர்ந்திராதா?"

"இல்ல தங்கச்சி. அமந்து கிடக்கிறதால பெரிசா ஒண்டும் ஆகாது. ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கித்தான் அது தளரும். தளர்ந்தா ரவைய மேல நேரத்துக்குத் தள்ளாது. பாதியில சிக்கிரும்."

என் கணவர் கத்தாரிலிருந்து லீவில் வந்து, திரும்பிப் போன வாரம் அது. காவலாளிக்கு அது தெரியாது. தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு அந்த வேனில் வேறொருவர் வரத் தொடங்கினார்.

போன மாதமும் கணவர் வந்து போனார். விமான நிலையத்துக்குப் போக அவர் வேனில் ஏறும்போது, அடுத்த லீவு எப்போது என்று நான் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பேன். வேன் காரைதீவைத் தாண்டியிருக்கும் நேரத்தில்தான் அது உறைத்தது.

தளர்ந்துபோன ஸ்பிரிங்கை என்ன செய்வீர்கள் என்று அந்தக் காக்காவிடம் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.